குனிந்து பார்க்கும் உழவு

(இராஜபாளையத்தில் நடந்த உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், புகையான். ஒரு பூச்சியைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது ஐயா, நிறைய இருக்கிறது. ஓர் அரிசி மணியின் நீளம்கூட இல்லாத இந்தப் பூச்சி, ஜப்பானைப் பஞ்சத்தில் தள்ளியிருக்கிறது. இந்தோனேசியாவில் ஓர் அரசாங்கத்தின் கொள்கையையே மாற்ற வைத்திருக்கிறது. நம் ஊரிலோ, கதிர் வாங்கி நிற்கும் வயலை ஒரே வாரத்தில் வைக்கோலாக்கி, கடன் வாங்கிப் பயிர் செய்தவரை வரப்பில் உட்கார வைத்திருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையான் நமக்கு வந்த சாபம் இல்லை. வயலுக்கு அது ஒன்றிரண்டாகத்தான் வருகிறது. அதை ஆயிரமாகப் பெருக்குவது நம்முடைய கை. நம் கை பெருக்கியதை நம் கையாலேயே அடக்கவும் முடியும். அதற்கு முதல் வேலை, வரப்பில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கிக் குனிந்து பார்ப்பது. இந்த உரை முழுவதற்கும் இதுதான் சாரம்.

நம் பகுதியின் நெல் விவசாயம் எப்படிப்பட்டது? மேற்குத் தொடர்ச்சி மலை தரும் தண்ணீரில் நடக்கும் விவசாயம். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீர் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. தெற்கே சேத்தூர், தேவதானம் பக்கத்துக்குச் சாஸ்தா கோவில் அணை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நமக்கு நெல் உண்டு. பெருகாவிட்டால் இல்லை. ஆகவே கண்மாயில் தண்ணீர் நின்ற ஆண்டில் ஒவ்வொரு குழியிலும் நெல் நட ஆசைப்படுகிறோம். ஆசைப்படுவதில் தவறே இல்லை.

நட்டாயிற்று, களை எடுத்தாயிற்று, உரம் போட்டாயிற்று. பயிர் கருகருவென்று எழுந்து நிற்கிறது. மார்கழி, தை வருகிறது. காலையில் பனி, பகலில் மூடாக்கு, வயலுக்குள் புழுக்கம். ஒரு நாள் காலையில் பார்த்தால் பச்சை வயலின் நடுவே ஒரு மஞ்சள் வட்டம், ஒரு பாய் விரித்த அகலத்துக்கு. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அது பழுப்பாகிப் படுத்துக் கிடக்கிறது, அகலமும் பல மடங்கு ஆகிவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு வட்டம், அதற்கு அடுத்து இன்னொன்று. தீயில் வாட்டியதுபோல் திட்டுத்திட்டாகக் காய்கிறது. “வயல் புகைஞ்சு போச்சு” என்று நம் விவசாயி சொல்வது அந்த நாளில்தான்.

ஆனால் அந்த வயல் எப்போது புகையத் தொடங்கியது? அன்று காலையிலா? இல்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிட்டது. நாம் அதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? நாம் பார்த்தது இலையை. அது இருந்தது அடித்தண்டில்.

வாருங்கள், அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

பழுப்பு நிறம். நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். பழுப்புத் தத்துப்பூச்சி என்றும் அதைச் சொல்வார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வெயில் எட்டாத நிழலில், தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கை பட்டதும் தண்டின் மறுபக்கம் நழுவும். குத்தைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழும். விழுந்ததும் முழுகிப் போகாது. தண்ணீரின் மேலேயே தத்திப் போய் அடுத்த குத்தில் ஏறிக்கொள்ளும்.

அதன் வாய் ஊசி போன்றது. அந்த ஊசியைத் தண்டுக்குள் இறக்கி, இலை சமைத்த சத்து கீழே வேருக்கும் மேலே கதிருக்கும் போகிற குழாயிலேயே வைத்து உறிஞ்சும். தனக்கு வேண்டியதைவிட அதிகமாக உறிஞ்சும். மிஞ்சிய இனிப்புச் சாற்றைக் கழிவாக வெளியேற்றும். அது தண்டின் அடியில் பிசுபிசுவென்று வழியும். அதன்மேல் கரும்பூசணம் படரும். வயலுக்குள் இறங்கி அடித்தண்டைத் தடவிப் பாருங்கள். விரல் ஒட்டினால், கரி படிந்தால், அங்கே புகையான் குடியேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சாற்றை உறிஞ்சுவதோடு அது நிற்பதில்லை. நெற்பயிரைக் குட்டையாக்கும் வைரஸ் நோய்களையும் ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்குச் சுமந்து செல்லும்.

இனி அதன் பெருக்கத்தைக் கேளுங்கள். பெண் பூச்சி இலை உறையைக் கீறி, அதன் உள்ளே முட்டைகளைக் கொத்தாகச் செருகி வைக்கும். ஒரு பெண் 200-க்கும் மேல் முட்டை இடும். ஏழு முதல் ஒன்பது நாளில் குஞ்சு பொரிக்கும். ஐந்து முறை தோலுரித்து வளர்ந்த பூச்சியாகும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை. நட்டதிலிருந்து அறுப்பு வரை மூன்று தலைமுறைக்கு இடம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 முட்டையில் 20 மட்டும் பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண். ஒரு பெண்ணுக்கு 10 பெண். அடுத்த மாதம் 100. அதற்கு அடுத்த மாதம் 1,000. பத்தில் ஒன்று பிழைத்தாலே இந்த நிலை. பத்தில் மூன்று பிழைத்தால் என்ன ஆகும்? பிழைப்பது ஒன்றா, மூன்றா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவு நம் கையில் இருக்கிறது, பெருமக்களே!

இன்னொரு விந்தையும் உண்டு. புகையானில் நீண்ட இறக்கை உள்ளது, குட்டை இறக்கை உள்ளது என்று இரண்டு வடிவம். நீண்ட இறக்கைப் பூச்சி காற்றில் மிதந்து வந்து வயலில் இறங்கும். அங்கே சாறு நிறைந்த செழித்த பயிர் கிடைத்துவிட்டால் அதன் பிள்ளைகள் குட்டை இறக்கையோடு பிறக்கும். அவை பறப்பதில்லை. பறப்பதற்குச் செலவாகும் சத்தையெல்லாம் முட்டையாக்கும். கூட்டம் நெருங்கி, பயிரும் வற்றத் தொடங்கினால் மறுபடியும் நீண்ட இறக்கை முளைத்த தலைமுறை பிறந்து, அடுத்த வயலைத் தேடிக் கிளம்பிவிடும். அடித்தண்டில் குட்டை இறக்கைப் பூச்சிகளை நீங்கள் பார்த்தால், அது உங்கள் வயலில் தங்கிக் குடும்பம் நடத்த முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

அப்படித் தங்கத் தூண்டுவது எது? நம் கை செய்யும் மூன்று காரியங்கள்.

முதலாவது, நெருக்கம். இடைவெளி இல்லாமல் நெருக்கி நட்டால் வயலுக்குள் வெளிச்சம் இறங்காது, காற்று ஓடாது. அடித்தண்டில் ஈரமும் நிழலும் நாள் முழுக்க நிற்கும். புகையானுக்கு வேண்டியது அதுதான். இதனால்தான் வேளாண்மைத் துறை எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடச் சொல்கிறது. “அந்த ஓரடியிலும் நெல் விளையுமே, அதை விடலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பட்டத்தின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் பயிரைப் பாருங்கள். வெளிச்சம் குடித்து, நன்றாகத் தூர் கட்டி, கதிர் வாங்கி நிற்கும். அந்தப் பட்டத்தில் காற்று ஓடும். அந்தப் பட்டத்தில் நீங்கள் நடந்து போகலாம், குனிந்து பார்க்கலாம். மருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால் தெளிப்பான் முனையை அடித்தண்டுக்குக் கொண்டுபோகவும் அந்தப் பட்டம்தான் வழி. தாய்மார்களே, நடவுக் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. வயல்காரர் மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது, யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மற்ற உரங்களின் விலையோடு பார்த்தால் மலிவு. போட்ட ஐந்தாறு நாளில் பயிர் கரும்பச்சை ஆகிவிடுகிறது. பக்கத்து வயல்காரர் ஒரு மூட்டை போட்டால் நாம் ஒன்றரை போடுகிறோம். அந்தக் கரும்பச்சை நம் கண்ணுக்கு அழகு, புகையானுக்கு விருந்து. தழைச்சத்து மிகுந்த பயிரின் சாறு பூச்சிக்குப் போஷாக்கானது. அதைக் குடித்த பெண் அதிக முட்டை இடும், அதன் குஞ்சுகள் அதிகமாகப் பிழைக்கும். சற்று முன் போட்ட கணக்கில் பத்தில் ஒன்றைப் பத்தில் மூன்றாக்குகிற கைகளில் இது ஒன்று.

யூரியாவே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அளவறிந்து, பிரித்துப் போடுங்கள் என்கிறேன். அதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னி என்றால் நிறம் 3-க்குக் கீழே இறங்கினால் மேலுரம். மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே இறங்கினால் மேலுரம். இறங்கவில்லையா? மூட்டையைப் பிரிக்காதீர்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

மூன்றாவது கைதான் மிகக் கொடியது. அது மருந்து.

கேட்பதற்கு வியப்பாக இருக்கும். பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சியைப் பெருக்குமா? பெருக்கும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மருந்தை நாம் எங்கே அடிக்கிறோம்? இலைமேல். புகையான் எங்கே இருக்கிறது? அடியில். அதன் முட்டை எங்கே இருக்கிறது? இலை உறைக்கு உள்ளே. ஆக மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆனால் இலைமேலும் குத்துக்களின் இடையிலும் உலவுகிற வேறு சில உயிர்கள்மேல் தவறாமல் படுகிறது. யார் அவை? புகையானைத் தின்று வாழும் உயிர்கள்.

ஓநாய்ச் சிலந்தி என்று ஒரு சிலந்தி. வலை கட்டி உட்காராது. அடித்தண்டுகளின் இடையே ஓடி ஓடி வேட்டையாடும். வளர்ந்த ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகளைப் பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைத் தன் உடம்போடு ஒட்டித் தூக்கிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகள் அத்தனையும் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பட்டத்தில் நடக்கும்போது தண்ணீரின் மேல் விறுவிறுவென்று ஒரு சிலந்தி ஓடினால், அதன் முதுகைப் பாருங்கள். அறுபது எழுபது குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஓடும். அவ்வளவும் உங்கள் வயலுக்குச் சம்பளம் வாங்காத வேலையாட்கள்.

இன்னொன்று, மிரிட் நாவாய்ப்பூச்சி. பச்சையும் கறுப்புமாக, மெலிந்த உடல். நம் மருந்து எட்டாத இடத்துக்கு இதன் வாய் எட்டும். இலை உறைக்குள் இருக்கும் புகையான் முட்டையைத் தேடிக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை. சொல்லுங்கள், எந்தக் கடையில் இப்படி ஒரு மருந்து கிடைக்கும்?

பைரித்ராய்டு வகை மருந்துகளை, அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை, நெல்லில் அடித்தால் முதலில் சாவது இந்தச் சிலந்தியும் மிரிட் பூச்சியும்தான். புகையான் முட்டைகள் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. பத்து நாளில் அவை பொரித்து வெளியே வரும்போது அவற்றைத் தின்ன வயலில் யாரும் இல்லை. வீட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை இது.

அதோடும் முடியவில்லை. பூச்சியியல் அறிஞர் செல்லையா, ஹென்ரிக்ஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. டெல்டாமெத்ரின், மீத்தைல் பாரத்தியான் போன்ற மருந்துகள் பட்ட பயிரில் புகையான் அதிகமாகச் சாறு குடிக்கிறது, அதிகமாக இனம் பெருக்குகிறது என்று அதில் காட்டினார்கள். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் செயற்கைப் பைரித்ராய்டு, மீத்தைல் பாரத்தியான், பென்தியான், குயினால்பாஸ் ஆகியவற்றைப் புகையானை மறுபடி கிளப்பிவிடும் மருந்துகள் என்று பட்டியலிட்டுத் தவிர்க்கச் சொல்கிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று முன்கூட்டியே அடித்த மருந்துதான் பல வயல்களில் புகையானுக்கு வாசல் திறக்கிறது.

இராஜபாளையம் பருத்தியால் வளர்ந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தி தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1980-களின் நடுவில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் காய்ப்புழுவுக்காகப் பைரித்ராய்டு மருந்துகளை ஓயாமல் அடித்தார்கள். அடித்த காட்டில் வெள்ளை ஈ பொங்கி எழுந்தது. பருத்தி கற்றுக்கொடுத்த பாடத்தை நாம் நெல்லில் மறக்கலாமா?

பெருமக்களே, இதுவரை நம் வயலைப் பார்த்தோம். இனிக் கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம். இந்தப் பூச்சியோடு உலகம் எப்படிப் போராடியிருக்கிறது?

ஜப்பானில் 1732-ஆம் ஆண்டு. நாட்டின் மேற்குப் பகுதியில் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்தன. பஞ்சம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தக் காலத்து ஜப்பானிய உழவர்கள் வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டி, பூச்சியை அந்த எண்ணெயில் விழவைத்துக் கொன்றார்கள். பூச்சி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. குளிர்காலத்தில் ஜப்பானில் புகையான் பிழைப்பதில்லை. பிறகு ஆண்டுதோறும் எப்படி வருகிறது? 1967-ல் பசிபிக் கடலில் நின்றிருந்த வானிலைக் கப்பல் ஒன்றின்மேல் தத்துப்பூச்சிக் கூட்டம் வந்து இறங்கியது. நான்கு மில்லிமீட்டர் பூச்சி, காற்றில் ஏறிக் கடல் கடந்து வருகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. கடலைத் தாண்டும் பூச்சிக்கு உங்கள் வரப்பும் என் வரப்பும் எம்மாத்திரம்? இதை மனத்தில் வையுங்கள், கடைசியில் இது நமக்கு வேண்டும்.

நம் மலைக்கு அந்தப் பக்கம் வருவோம். கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74-ல் புகையான் பெருவாரியாகத் தாக்கியது. புதிய குட்டை ரகங்கள், அதிக உரம், அதிக மருந்து என்று நெல் சாகுபடி மாறிய காலம் அது. அதற்கு முன் எப்போதாவது தலைகாட்டிய பூச்சி, அன்றிலிருந்து தென்னிந்திய நெல்லின் பெரும்பகை ஆனது.

இப்போது இந்தோனேசியா. நான் சொல்லும் கதைகளிலேயே நமக்கு மிகவும் வேண்டியது இதுதான். அந்த நாட்டு அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்து, உழவர் கையில் மருந்தை அள்ளித் திணித்தது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று பெருமையோடு அறிவித்தது. அடுத்த இரண்டே ஆண்டில் ஜாவாத் தீவின் வயல்கள் புகைந்தன. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. அறிவியலாளர்கள் வயலுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். எங்கே மருந்து அதிகமோ அங்கே சிலந்தி இல்லை. எங்கே சிலந்தி இல்லையோ அங்கே புகையான். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடுத்தார். 1989-க்குள் மருந்து மானியம் முற்றாக நின்றது. நெல் உற்பத்தி விழுந்ததா? விழவில்லை! மருந்து குறைந்தது, விளைச்சல் ஏறியது.

அதோடு அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். வயலையே பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். இருபது இருபத்தைந்து உழவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் காலையில் வயலில் இறங்குவார்கள். பத்துக் குத்துகளைப் பார்ப்பார்கள். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணித் தாளில் எழுதுவார்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுப்பார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவிய உழவர் வயல்வெளிப் பள்ளிக்கு அதுதான் தொடக்கம். நம் வேளாண்மைத் துறை நடத்தும் வயல்வெளிப் பள்ளிகளின் வேரும் அதுதான்.

அடுத்து, விதை. இந்த இடத்தில் நாம் நெஞ்சை நிமிர்த்தலாம். இங்கிருந்து தெற்கே, அதே மலையின் அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம். கார் சம்பா சிவப்பு என்ற நம் நாட்டு நெல்லிலிருந்து அங்கே தேர்ந்தெடுத்த ரகம் அம்பை 7. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உலகத்து நெல் ரகங்களையெல்லாம் புகையானிடம் விட்டுச் சோதித்தார்கள். தாங்கி நின்றவற்றில் நம் அம்பை 7-ம் ஒன்று. அந்த எதிர்ப்புக்குக் காரணமான மரபணுவை 1971-ல் அடையாளம் கண்டு, புகையான் எதிர்ப்பு மரபணு வரிசையில் இரண்டாம் எண் கொடுத்தார்கள். 1976-ல் வெளிவந்து ஆசியாவில் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்த ஐ.ஆர்.36 ரகத்தில் இருந்தது அதே மரபணு. மலைக்கு அப்பால் பட்டாம்பியிலிருந்து வந்த பி.டி.பி.33 இன்றும் புகையான் எதிர்ப்புக்கு உலகம் நாடும் ரகம். நம் முன்னோர் காப்பாற்றி வைத்த நெல், உலகத்தின் வயலைக் காத்திருக்கிறது!

ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1973-ல் வெளிவந்த ஐ.ஆர்.26 என்ற எதிர்ப்பு ரகம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புகையானிடம் தோற்றது. ஒரே ரகத்தை எங்கும் விதைத்தபோது, அதைத் தின்னக்கூடிய பூச்சி பிழைத்துப் பெருகிவிட்டது. அம்பை 7-ன் மரபணுவும் நம் தெற்காசியப் புகையானைத் தடுப்பதில்லை. மருந்துக்கும் இதே கதிதான். இமிடாகுளோபிரிட் வந்தபோது எல்லாம் முடிந்தது என்றார்கள். 2003-க்குப் பிறகு ஆசிய நாடுகள் பலவற்றில் அது புகையானிடம் பலிக்காமல் போனது. ஆகவே ஒற்றை ரகத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒற்றை மருந்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கண்ணை நம்புங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறேன், நினைவில் வையுங்கள்.

நடும்போது, எட்டடிக்கு ஓரடி பட்டம்.

உரம் போடும்போது, இலை வண்ண அட்டை.

தண்ணீர் பாய்ச்சும்போது, காய்ச்சலும் பாய்ச்சலும். தேங்கிய தண்ணீர் புகையானுக்குக் குளிர்ச்சியான இருப்பிடம். அது தென்பட்டால் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் வயலைக் காயவிடுங்கள். கண்மாய்த் தண்ணீரும் மிச்சம்.

இரவில், விளக்குப் பொறி. நீண்ட இறக்கைப் பூச்சி வந்து இறங்கும் காலம் அதில் தெரிந்துவிடும். குட்டை இறக்கைப் பூச்சி விளக்குக்கு வராது. அதனால் பொறியில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள்.

வாரம் ஒரு நாள், குனிந்து பாருங்கள். குறுக்கே நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்துகளைச் சாய்த்து, தட்டி, எண்ணுங்கள். தூருக்கு ஒரு பூச்சி என்பது எல்லைக்கோடு. ஒரு குத்தில் பதினைந்து தூர் என்றால் பதினைந்து பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதா? அப்படியானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். பல்கலைக்கழகமே சிலந்தியை இப்படிக் கணக்கில் எடுத்திருக்கிறது. நாமும் எடுப்போம்.

எல்லையைத் தொடும் முன் வேப்பெண்ணெய் 3 சதம், அல்லது வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம். எல்லையைத் தாண்டினால் மருந்து அடிக்கத்தான் வேண்டும், தயங்காதீர்கள். ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வராமல், வேளாண் அலுவலரைக் கேளுங்கள், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். பைமெட்ரோசின் போல, புகையான் சாறு குடிப்பதையே நிறுத்தும் மருந்துகள் இன்று உண்டு. தண்ணீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல், அடித்தண்டு நனைய அடியுங்கள். நாலு டேங்கில் இலையை மட்டும் நனைத்துவிட்டு வந்தால், மருந்தும் போச்சு, கூலியும் போச்சு, சிலந்தியும் போச்சு.

அறுத்த பிறகு, தாளை உழுது மடக்குங்கள். தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு புகையானுக்கு அடுத்த வீடு.

கடைசியாக ஒன்று. கடலைத் தாண்டும் பூச்சிக்கு வரப்பு எம்மாத்திரம் என்று கேட்டேனே, அது இதற்காகத்தான். ஒரு கண்மாய்ப் பாசனத்தில் ஒருவர் ஐப்பசியில் நடுகிறார், இன்னொருவர் கார்த்திகையில், மற்றொருவர் மார்கழியில். முதல் வயல் முதிரும்போது அங்கே இறக்கை முளைத்த பூச்சி அடுத்த இளம்பயிருக்குப் போகிறது. அது முதிர்ந்தால் அடுத்தது. கடைசியில் நட்டவர் தலையில் மற்ற இருவர் வளர்த்த பூச்சியும் இறங்குகிறது. அவர் அளவோடு யூரியா போட்டிருக்கலாம், பட்டம் விட்டிருக்கலாம். ஆனாலும் அவர் வயல் புகைகிறது. அவர் என்ன பிழை செய்தார்? ஒன்றும் இல்லை. நாம் சேர்ந்து முடிவெடுக்கவில்லை, அதுதான் பிழை.

தண்ணீரை நாம் ஊர் கூடித்தான் பகிர்ந்துகொள்கிறோம். மடை திறக்கும் நாளை ஊர் கூடித்தான் முடிவு செய்கிறோம். வரத்துக்கால்வாயை ஊர் கூடித்தான் மராமத்துப் பார்த்தோம். தண்ணீருக்கு ஒற்றுமை தெரிந்த நமக்குப் பூச்சிக்கு ஒற்றுமை தெரியாதா? வரும் பருவத்தில் ஒவ்வொரு கண்மாய் ஆயக்கட்டும் கூடி உட்காரட்டும். நடவை இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிப்பது என்று பேசி வைக்கட்டும். ஆயக்கட்டுக்குப் பத்து இளைஞர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்களாக, வாரம் ஒரு காலை வயலில் இறங்கி எண்ணட்டும். எண்ணியதைக் கண்மாய்க்கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்: எந்த மடை, எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி. அதைப் படித்துவிட்டு ஊர் முடிவெடுக்கட்டும். இதற்கு அரசாணை வேண்டாம், மானியம் வேண்டாம். ஒரு பலகையும் சுண்ணாம்புக் கட்டியும், வாரத்தில் இரண்டு மணி நேரமும் போதும்.

மேடையை விட்டு இறங்கும் முன் உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். இன்று இந்த அரங்கைவிட்டுக் கலைவதற்கு முன், உங்கள் கண்மாய்க்கு யார் அந்தப் பத்துப் பேர் என்று பேசி, பெயரை எழுதி, உங்கள் ஊர் வேளாண் அலுவலரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பயிற்சியை அவர்கள் தரட்டும். எண்ணும் வேலையை நாம் செய்வோம்.